வீட்டை நாள் வாடகைக்கு விடுமுன்: கும்பகோணம், தஞ்சாவூர் வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டியவை

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028இல். மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிற வீட்டுக்காரர்களும், பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டுக்குச் சாவி வைத்திருக்கிறவர்களும் கணக்குப் போடும் காலம் இது. மகாமகம் இல்லாத வருடங்களிலும் ஆள் வரத்துக்குக் குறைவில்லை. ஆலங்குடி குருப்பெயர்ச்சி, திருவையாறு ஆராதனை, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, வருடம் முழுக்கத் திருக்கடையூர் அறுபதாம் கல்யாணம், நவக்கிரகச் சுற்று என்று யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது, "லைசென்ஸ் எங்கே வாங்கணும்?" என்றுதான். அதற்கு ஒரே அலுவலகம், ஒரே காகிதம் என்று பதில் சொல்ல முடியாது. மாநகராட்சி அதைத் தங்கும் இடமாகப் பார்க்கும். மின்வாரியத்துக்கு மீட்டர் எந்த வகை என்பது முக்கியம். காவல் நிலையம் யார் வந்து போனார்கள் என்று கேட்கும். வருமான வரித் துறை, இது வீட்டு வாடகையா தொழிலா என்று கேட்கும். ஒரு துறையில் வாங்கிய ஒப்புகைச் சீட்டு அடுத்த துறையில் செல்லாது. ஆனால் இத்தனைக்கும் அடியில் ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: தங்க வந்தவர் தூங்கும் இரவில் வீட்டுக்காரரும் அதே வீட்டில் தூங்குகிறாரா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துவிடும்.

பெரிய நகரங்கள் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்த இடமும் இதுதான். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், தொடர்ச்சியாக 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விட வேண்டுமானால் நகராட்சியில் பதிவு எண் வாங்க வேண்டும். வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு மேல் கூடாது. உள் அறைகளைப் பூட்டி வைக்கவும் கூடாது. பதிவு இல்லாத வீட்டுக்குப் பணம் வாங்கித் தர முன்பதிவுத் தளத்துக்கே அனுமதி இல்லை. லண்டனில் முழு வீட்டை ஒரு ஆண்டில் 90 இரவுக்கு மேல் விடத் திட்ட அனுமதி தேவை. டோக்கியோ உட்பட ஜப்பானில் 2018 சட்டப்படி ஆண்டுக்கு 180 நாள். பாரிஸில் குடியிருக்கும் வீட்டுக்கு 120 நாளாக இருந்த வரம்பு 2025 முதல் 90 ஆகிவிட்டது. பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே போய், சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்கள் பத்தாயிரத்துச் சொச்சத்தையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது.

இவற்றில் நம் ஊர்க்காரர்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது சிங்கப்பூர். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர்ப் பக்கம் சிங்கப்பூரில் வீடோ உறவோ இல்லாத தெரு குறைவு. ஊருக்கு வரும் இரண்டு வாரத்துக்கு அங்கேயுள்ள வீட்டை நாள் வாடகைக்கு விட்டுவிட்டு வரலாம் என்று யாராவது யோசித்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தனியார் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச வாடகைக் காலம் தொடர்ச்சியாக 3 மாதம், வீவக (அரசின் வீட்டு வசதிக் கழகம்) வீட்டுக்கு 6 மாதம். 2018இல் தனியார் அடுக்குமாடி வீடுகளை இப்படி விட்ட இரண்டு பேருக்குத் தலா 60,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விழுந்தது. வீட்டுக்காரர் கூடவே இருந்தாலும் இந்த விதியில் சலுகை கிடையாது.

நம் ஊரில் இரவுகளை எண்ணிக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை. அதனால் விதியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். விதி பழையது. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே, காசு வாங்கிக்கொண்டு வந்து போகிறவர்களுக்குப் படுக்க இடம் தரும் இடத்தைத் தங்கும் விடுதி என்று சொல்லி உள்ளாட்சியில் பதிவு கேட்கிறது. சாப்பாடு போட்டாலும் போடாவிட்டாலும் அதுதான். சத்திரத்துக்கும் சாவடிக்கும் எழுதிய அந்த வரையறைக்குள் உங்கள் மாடி அறையும் வந்துவிடும்.

வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்தால்

மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே வகைப்பாட்டின் அடிப்படையே வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கே குடியிருக்க வேண்டும் என்பதுதான். விடக்கூடியது 1 முதல் 6 அறை வரை, மொத்தம் 12 படுக்கை. மாநிலச் சுற்றுலாத் துறையும் ஹோம்ஸ்டேக்களைப் பதிவு செய்கிறது. மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் போய், இப்போது நடப்பில் உள்ள படிவத்தையும் கட்டணத்தையும் கேட்டு வாங்குங்கள். தெரிந்தவர் கைப்பேசியில் அனுப்பிய பழைய படிவத்தை நம்பாதீர்கள். இந்தப் பதிவால் வங்கியில் பேசவும் வசதி உண்டு. 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் தருவதாக அறிவித்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் சென்னையில், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் பக்கத்துத் தெருவில் என்றால் அது ஹோம்ஸ்டே ஆகாது. பலகையில் அப்படி எழுதினாலும் ஆகாது. அதை லாட்ஜின் சின்ன வடிவமாகவே துறைகள் பார்க்கும். கட்டட வரைபடத்தில் 'குடியிருப்பு' என்று இருப்பது, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றும் கேள்விக்கு வரும். மாதக் கணக்கில் வேலைக்குப் போகும் பெண்களுக்கோ மாணவிகளுக்கோ சாப்பாட்டோடு விடுவது இன்னொரு சட்டம். 2014இல் வந்த பெண்கள், குழந்தைகள் விடுதி ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியாக வேண்டும். இரண்டையும் ஒரே வீட்டில் கலந்து நடத்தாதீர்கள்.

வீடு யாருடையது என்பதில் ஆரம்பியுங்கள்

டெல்டாவில் இந்த வேலை முட்டி நிற்கும் இடம் பெரும்பாலும் பத்திரம்தான். வரி ரசீது தாத்தா பெயரில் இருக்கும். அவர் போய் முப்பது வருடம் ஆகியிருக்கும். வீடு பாகம் பிரிக்காமல் ஒரு மகன் பெங்களூரில், ஒருவர் இங்கே, மகள் கோயம்புத்தூரில் என்று இருப்பார்கள். இங்கே இருப்பவர் மட்டும் அறைகளை விட்டு வருமானம் எடுத்தால், முதல் வருடம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது வருடம் கணக்குக் கேட்பார்கள். அது நியாயமும்தான், பெண் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

எனவே முதல் வேலை வாரிசுச் சான்றிதழ், அதை வைத்துச் சொத்து வரியில் பெயர் மாற்றம், பிறகு எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். அந்தக் கடிதத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். யார் நடத்துகிறார், எந்தக் கட்டு அல்லது எந்த மாடி விடப்படுகிறது, பழுது பார்க்கும் செலவு யாருடையது, மீதி எந்த விகிதத்தில் பிரியும். பங்கு விகிதம் எழுத்தில் இருந்தால், வீட்டு வாடகையாகக் காட்டும் வருமானத்தை அவரவர் தங்கள் கணக்கில் தனித்தனியாகக் காட்ட முடியும். எழுதாவிட்டால் பணம் வந்த வங்கிக் கணக்குக்காரர் தலையில் மொத்தமும் விழும்.

அடுத்தது மனை. கோயில் நகரங்களில் மேலே உள்ள கட்டடம் நம்முடையது, கீழே உள்ள மண் கோயிலுடையது என்ற நிலை சாதாரணம். அடிமனை வாடகை கட்டி வருகிறவர்கள், உள்வாடகைக்கு விடக் கூடாது, பயன்பாட்டை மாற்றக் கூடாது என்ற நிபந்தனை தங்கள் உத்தரவில் இருக்கிறதா என்று முதலில் படித்துப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் கோயில் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு இரவுகூட விடாதீர்கள். நிபந்தனையை மீறியவர் ஆக்கிரமிப்பாளராகக் கருதப்பட்டு, அறநிலையச் சட்டத்தின் கீழ் வெளியேற்ற நடவடிக்கை வரலாம். அறை வாடகைக்கு ஆசைப்பட்டு மூன்று தலைமுறை வீட்டைப் பணயம் வைக்க வேண்டாம்.

மூன்றாவது, தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்குப் பக்கத்து வீடுகள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது, இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்டவே அனுமதி வேண்டும். 2010 திருத்தத்துக்குப் பிறகு இந்த விண்ணப்பங்கள் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம் வரை போய் வருகின்றன. கோபுரத்திலிருந்து அளந்து "நம்ம வீடு 120 மீட்டர்" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அளவு கோபுரத்திலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து. அறைக்கு ஒரு குளியலறை வேண்டுமென்று கொல்லைப்புறத்தில் எழுப்பிய நாலு சுவர்தான் பெரும்பாலும் நோட்டீஸுக்குக் காரணம்.

பதிவேடு

கடையில் விற்கும் நீளமான நோட்டு போதும், பக்க எண் மட்டும் முதலிலேயே போட்டுவிடுங்கள். பெயர், முகவரி, கைப்பேசி எண், எந்த அடையாள அட்டை, வந்த தேதியும் நேரமும், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார், வண்டி எண், கூட வந்தவர்கள் எத்தனை பேர், போன நேரம், கையெழுத்து. முன்பதிவு செய்தவரின் அட்டையை மட்டும் வாங்கிவிட்டு மற்ற ஐந்து பேரை எழுதாமல் விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனி வரி வேண்டும்.

ஆதார் நகலை முழு எண்ணோடு வாங்கி வைக்காதீர்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதும். ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ இருந்தால் அதுவும் சரிதான். வாட்ஸப்பில் வந்த அட்டைப் படங்களை வேலை முடிந்ததும் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள். அது வேறொருவர் கைக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும். இதுவரை 'சி படிவம்' என்றே எல்லோரும் சொல்லி வந்தார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டங்கள் போனாலும் கடமை போகவில்லை. முதலில் உங்கள் தங்குமிடத்தைத் தளத்தில் பதிவு செய்து பயனர் கணக்கு வாங்க வேண்டும், அந்த விண்ணப்பத்தைச் சரிபார்த்த பிறகுதான் கணக்கு திறக்கும். ஆள் வந்து வாசலில் நிற்கும்போது இதை ஆரம்பித்தால் 24 மணி நேரம் தாண்டிவிடும். மாவட்டத்தில் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி காவல் கண்காணிப்பாளர்தான். கடவுச்சீட்டு, விசா எண்கள், இந்தியாவுக்குள் நுழைந்த தேதி, கடைசியாகத் தங்கிய இடம், அடுத்துப் போகும் இடம் ஆகியவற்றைக் கேட்டு வையுங்கள்.

இதில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சறுக்கல் உண்டு. தமிழ் பேசுகிறார், குலதெய்வம் இங்கேதான், பாட்டி ஊர் வலங்கைமான் என்றால் அவரை வெளிநாட்டவர் என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் கையில் இருப்பது மலேசிய, சிங்கப்பூர், இலங்கைக் கடவுச்சீட்டாக இருக்கும். காரைக்கால் குடும்பங்களில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் உண்டு. பேச்சைப் பார்க்காமல் கடவுச்சீட்டைக் கேட்டுப் பாருங்கள்.

மீட்டரும் மாநகராட்சியும்

வீட்டு இணைப்பில் கட்டண விடுதி நடத்தலாமா என்பதை யாரோ சொன்னார் என்று முடிவு செய்யாதீர்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு, இத்தனை அறையை நாள் வாடகைக்கு விடப் போகிறேன், எந்தக் கட்டண வகை பொருந்தும் என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். இணைப்பு வாங்கிய நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தியதாக ஆய்வில் முடிவானால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி அந்த வகைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று நிரூபிக்க முடியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து வரும். விடும் பகுதிக்குத் தனி மீட்டர் வாங்கிவிடுவதுதான் என் யோசனை. வீட்டுப் பயன்பாட்டுக்கு உள்ள 100 யூனிட் சலுகையும் குழம்பாது, கணக்கும் சுத்தமாக இருக்கும்.

லோடையும் அப்போதே பாருங்கள். ஒன்றரை டன் ஏசி இரண்டு என்றால் ஏறக்குறைய 3 கிலோவாட்டுக்கு மேல், 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் இரண்டு, ஒரு குதிரைத்திறன் மோட்டார், எல்லாம் சேர்ந்து 8 கிலோவாட்டைத் தொடும். பழைய வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு 2 அல்லது 3 என்று அட்டையில் இருக்கும். லோடை உயர்த்தி மூன்று ஃபேஸ் வாங்காமல் ஏசி மாட்டினால் முதலில் சூடாவது மெயின் ஒயர்தான்.

மாநகராட்சியில் சொத்து வரி அரையாண்டுக் கணக்கு. பயன்பாடு மாறினால் வரி வகையும் மாறும். எந்தப் பகுதி விடப்படுகிறது என்று சதுர அடியோடு எழுதிக் கொடுத்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் மாற்றிக் கேட்கலாம். எழுதிக் கொடுக்காமல் அவர்களாக வந்து அளந்தால் முழு வீட்டுக்கும் போட்டுவிட்டுப் போக வாய்ப்புண்டு. கும்பகோணம் 2021இல் மாநகராட்சியானது. அதற்கு முந்தைய நகராட்சி ரசீதை மட்டும் வைத்திருப்பவர்கள் புது வரி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு போட்டுக் காசு வாங்கினால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். காலை இட்லி அறை வாடகையில் அடக்கம் என்று சொன்னாலும் அது விற்பனைதான். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரில் அந்தச் சமையல் செய்யக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான்.

வரி: ஒரு கணக்கு

அறை 2,500 ரூபாய், முன்பதிவுத் தளத்தில் விடுகிறீர்கள் என்று வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவராக இருந்தாலும் தளமே அந்த 125 ரூபாயைத் தங்குகிறவரிடம் வாங்கிக் கட்டிவிடும். தளம் உங்களிடம் 15 சதவீதக் கமிஷன் எடுக்கிறது என்றால் 375 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 67.50. கையில் வருவது 2,057.50. வங்கியில் வந்த 2,057.50ஐ வருமானம் என்று எழுதுகிறார்கள். அது தவறு. வரவு 2,500, செலவு 442.50 என்று எழுத வேண்டும். தளம் வருமான வரித் துறைக்குக் காட்டும் தொகை 2,500 என்பதால் இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் கேள்வி வரும். தனிநபருக்கு ஆண்டில் தளத்தின் வழி விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாமல், பான் எண்ணும் கொடுத்திருந்தால் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க மாட்டார்கள். தாண்டினால் 0.1 சதவீதம்.

சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். மூன்று அறை, 120 இரவு, 2,500 என்றால் 9 லட்சம்தானே என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் அதே பான் எண்ணில் கடைத்தெருவில் உள்ள கடை வாடகை 9 லட்சம் வருகிறது. மகாமகத்தின்போது பத்து நாள் மூன்று அறையையும் 8,000க்கு விட்டால் இன்னொரு 2,40,000. மொத்தம் 20,40,000, வரம்பு தாண்டிவிட்டது. தாண்டிய 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, 8,000 ரூபாய் அறை 7,500ஐத் தாண்டுவதால் வரி 18 சதவீதம். 1,440 ரூபாய் வரி சேர்த்து 9,440 கொடுக்கிறவருக்கும், 7,500க்கு 375 சேர்த்து 7,875 கொடுக்கிறவருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 7,500இல் நிறுத்துவதே புத்தி.

வீட்டை மட்டும் வாடகைக்கு விட்டால் வீட்டுச் சொத்து வருமானம், அதில் 30 சதவீதம் நிலைக் கழிவு உண்டு. தினமும் படுக்கை மாற்றி, கூட்டிப் பெருக்கி, காபி கொடுத்து நாள் கணக்கில் விட்டால் அது தொழில் வருமானம். அப்போது உண்மைச் செலவுதான் கழியும், 30 சதவீதம் கிடையாது. இரண்டையும் சேர்த்துக் கழித்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

பழைய வீட்டின் உடம்பு

திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளும் வீட்டில் தங்க வெளியூர்க்காரர்கள் ஆசைப்படுவார்கள். அந்த நீளம்தான் ஆபத்தும். வாசலில் தீப்பிடித்தால் கொல்லை வழியாக வெளியேற வேண்டும், கொல்லைக் கதவு எப்போதும் வெளிப் பூட்டில் இருக்கும். உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாளாக அதை மாற்றுங்கள். மர உத்தரத்தின் மேல் ஓடும் பழைய ஒயரை முழுதாகக் கழற்றி, குழாயில் புது ஒயர் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) போடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் 4 அல்லது 6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான், முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் விருந்தினருக்குக் கீற்றுக் கொட்டகை போடாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த ஊர் கும்பகோணம். இங்கே கீற்றுக்கும் அடுப்புக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாடியிலிருந்து தீர்த்தவாரி பார்க்கலாம் என்று ஆள் ஏற்றிக் காசு வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிப் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் கூட்டத்தைத் தாங்கக் கட்டியதல்ல. கைப்பிடிச் சுவர் பல வீடுகளில் முழங்கால் உயரம்தான், குறைந்தது 1 மீட்டர் வேண்டும். 1992 மகாமகத்தின் நெரிசலில் ஏறக்குறைய ஐம்பது பேர் இறந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

தண்ணீருக்குப் படுக்கை ஒன்றுக்கு நாளைக்கு 180 லிட்டர் என்று கணக்கிடுங்கள். எட்டுப் படுக்கைக்கு 1,440 லிட்டர், அதனால் 2,000 லிட்டர் தொட்டி. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருவில், ஐந்து பேருக்குக் கட்டிய செப்டிக் டேங்க் இருபது பேர் தங்கிய இரண்டாம் நாள் திருப்பி அடிக்கும். விழாவுக்கு முன்பே லாரி வைத்து உறிஞ்சி எடுங்கள். எந்த அவசரத்திலும் ஒரு மனிதரை உள்ளே இறக்காதீர்கள், 2013 சட்டப்படி அது குற்றம், அதற்கும் மேலாக அது ஒரு உயிர். கிணற்றுக்குக் கம்பி வலை, முற்றத்தில் வழுக்காத கல், செங்குத்தான மாடிப்படிக்குக் கைப்பிடி. இவை இல்லாமல் குழந்தையோடு வருகிறவர்களை ஏற்காதீர்கள்.

தங்க வருகிறவரிடம் எழுதி வாங்குவது

ஒரு பக்கம் போதும். இது வாடகை ஒப்பந்தம் அல்ல, இன்ன அறையை இன்ன தேதி இன்ன நேரம் வரை பயன்படுத்த மட்டும் அனுமதி, வீட்டின் சுவாதீனம் வீட்டுக்காரரிடமே என்று தெளிவாக எழுத வேண்டும். 1882 வசதியுரிமைச் சட்டம் இதை உரிமம் என்றுதான் சொல்கிறது. குத்தகை வேறு, இது வேறு. ஒருவரையே மாதக் கணக்கில் தொடர்ந்து வைத்துக்கொண்டு ரசீதில் 'மாத வாடகை' என்று எழுதினால் இந்த வேறுபாடு கரைந்துவிடும்.

எத்தனை பேர் என்பதை எழுதுங்கள். திருக்கடையூர்ப் பக்கம் நாலு பேருக்கு என்று எடுத்துவிட்டு, விடியற்காலை இரண்டு வேனில் சொந்தக்காரர்கள் இறங்குவது வழக்கமான தொல்லை. கூடத்தில் ஹோமம் வளர்க்கலாமா, சமையல்காரரைக் கூட்டி வரலாமா என்பதற்கும் முன்கூட்டியே ஆம் இல்லை சொல்லிவிட வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஒட்டிய சுவர் உள்ள தெருவில் புகார் வருவது பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்துதான், அவர்களிடம் உங்கள் கைப்பேசி எண்ணை முதலிலேயே கொடுத்து வையுங்கள். கேமரா வாசலிலும் ரேழியிலும் மட்டும். அறைக்குள்ளோ குளியலறையிலோ வைக்கவே கூடாது. அப்படிப் பெண்களின் அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவுப்படி சிறைத் தண்டனைக்குரியது.

அசைவம் கூடாது, மது கூடாது என்று விதி வைப்பது உங்கள் உரிமை. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டு அறை மறுப்பது உரிமை அல்ல. தங்குமிடத்தில் தீண்டாமை பார்த்து இடம் மறுப்பது 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சுற்றி வளைத்து ஊர், தெரு, குலதெய்வம் கேட்பதும் அதே கேள்விதான். காசு வாங்கி விடும் வீட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கக் கூடாது.

திருநள்ளாற்றில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சனிப்பெயர்ச்சிக்கு நம் பக்கத்திலிருந்தே போகிறோம் என்றாலும் அது காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி அரசு. மேலே சொன்ன உள்ளாட்சி, மின்சாரம், சுற்றுலாத் துறை விஷயங்கள் எதுவும் அப்படியே பொருந்தாது. ஜிஎஸ்டி, வருமான வரி, வெளிநாட்டவர் பதிவு போன்ற மத்தியச் சட்டங்கள் மட்டும் ஒன்றுதான்.

2028ஐ மனதில் வைத்து ஆரம்பிக்கிறவர்கள் பெயர் மாற்றமும் பங்காளிகள் கையெழுத்தும் முதலில், தொல்லியல் எல்லைக்குள் இருந்தால் அந்த விண்ணப்பம் அதே வாரத்தில், மின் லோடு அதன் பிறகு என்று போங்கள். நாள் பிடிப்பது அந்த வரிசையில்தான். வெள்ளையடிப்பதும் மெத்தை வாங்குவதும் கடைசி மாதத்தில் முடிந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு, காசுக்கு ஆள் வருமுன், உறவுக்காரர்கள் எட்டுப் பேரை ஒரு இரவு தங்க வைத்து, ஏசி எல்லாம் ஓட, காலை 5 மணிக்கு எல்லோரையும் ஒரே நேரத்தில் குளிக்கச் சொல்லுங்கள். எந்த எம்சிபி விழுகிறது, தொட்டியில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, முற்றத்து ஜலதாரையில் எது திரும்பி வருகிறது என்று அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.